சாம்பல் வெளியில் ரோஜா ஓடிய வழி

அந்தச் சண்டை மாஸ்டர் பொய் சொல்கிறார். போன வாரம் ஒரு டிவி சேனல் பேட்டியில், "அந்தப் பாலைவனக் காட்சியில குதிரைக்கு ஒரு கீறல்கூட விழல. குதிரை ஓடின தரையை அடி அடியா நானே நடந்து பார்த்தேன்" என்று மார்தட்டிக்கொண்டார். கீறல் விழவில்லை என்பது உண்மை. நடந்தது அவர் இல்லை, எங்கள் அத்தை.

முதலில் அது பாலைவனமே இல்லை. அத்திப்பட்டுப் பக்கம், அனல்மின் நிலையத்துச் சாம்பலைத் தண்ணீரோடு கலந்து கொண்டுவந்து விடுகிற வெளி. காய்ந்துவிட்டால் கண்ணுக்கெட்டிய தூரம் வெளேரென்று கிடக்கும். படக்காரர்களுக்கு அது ராஜஸ்தான். அத்தை பிறந்து வளர்ந்தது அதன் ஓரத்தில். மேலே காய்ந்து ஓடு கட்டியிருக்கும், அடியில் கூழாக இருக்கும். அத்தையின் அப்பா வீட்டு எருமைகள் இரண்டு அந்தக் கூழில் இறங்கித் திரும்பவேயில்லை.

குதிரை எங்கள் மாமாவுடையது. திருவொற்றியூரில் கல்யாண ஊர்வலம், சாமி ஊர்வலம் எல்லாவற்றுக்கும் ரோஜாதான் போகும். சினிமாவுக்குக் கேட்டார்கள் என்றதும் மாமாவைப் பிடிக்க முடியவில்லை. "நம்ம ரோஜா ஹீரோவ தூக்கினு பறக்கப்போவுது நைனா" என்று டீக்கடையில் நின்றவர்களையெல்லாம் நிறுத்திச் சொன்னார். எனக்குப் பத்து வயது. நானும் நடிக்கப்போகிறேன் என்று வகுப்பு முழுக்கப் புளுகி வைத்திருந்தேன்.

காலையிலேயே போய்விட்டோம். கிரேன், கேமரா, ஆள் உயர மின்விசிறிகள், புகை. திருவிழா தோற்றது. கால்நடை டாக்டர் ஒருவர் வந்திருந்தார். ரோஜாவின் மார்பில் காது வைத்துக் கேட்டார், நான்கு கால்களையும் தடவினார், லாடத்தைத் தட்டினார். காலில் கம்பி கட்டிக் குதிரையை விழவைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்.

"தரையைப் பாத்தாச்சா?" என்று கேட்டார்.

"ஜீப்பே ஓட்டிப் பாத்துட்டோம் சார்," என்றார் மாஸ்டர். டாக்டர் அனுமதித் தாளில் கையெழுத்துப் போட்டார்.

அத்தை விடவில்லை. "இன்னாத்த ஓட்ன? கரை மேல ஓட்டிகினு போனத நானும்தான் பாத்தேன். நடுவுல ஓடப்போறது ஜீப்பா, குதிரயா?"

"அக்கா, ஷாட் ரெடி. ஓரமா நில்லுங்க."

"நீ நடந்து காட்டு. அப்பால குதிரய வுடறேன்."

"நடந்தா என் ஷூ போயிடும்க்கா," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மாமாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஏய், பேஜாரு பண்ணாத. மானத்த வாங்காம வா."

"உன் மானம் கெடக்குது. கால் ஒடஞ்சா ரோஜாவ நீ தூக்கினு வருவியா?"

சேலையைத் தூக்கிச் செருகினாள். ஒரு மூங்கில் கழியைப் பிடுங்கிக்கொண்டு, குதிரை ஓட வேண்டிய நேர்க்கோட்டிலேயே நடந்தாள். கிரேன் மேலே இருந்தவன் விளையாட்டாகக் கேமராவை அவள் பக்கம் திருப்பினான். எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் அத்தை சினிமாவில்! பாதி தூரத்தில் ஒரு கால் இறங்கியது. பிறகு இன்னொன்று. இடுப்புவரை போய்விட்டாள். "அத்த, சூப்பர்!" என்று கத்திக் கைதட்டினேன்.

"யாரும் கிட்ட வராத! வயர போடு!" என்று அத்தை அலறினாள். லைட்டுக்காரர்கள் கேபிளை வீசினார்கள். அதைப் பிடித்துக் குப்புறப் படுத்தவளை அப்படியே கரைக்கு இழுத்தார்கள். தலை முதல் கால்வரை சாம்பல். டாக்டர் தான் கையெழுத்துப் போட்ட தாளைக் கிழித்து மாஸ்டர் முகத்துக்கு நேரே போட்டார். மாஸ்டர் பக்கத்திலிருந்த மேனேஜரிடம் குனிந்து, "டாக்டர் கிளம்பட்டும். மத்தியானம் வேற குதிரை கொண்டா, இதே கோட்டுல ஓட்டிடலாம்" என்றார்.

அத்தை வாயைக் கொப்புளித்தாள், கழியை எடுத்தாள், மறுபடி இறங்கிவிட்டாள். இந்தத் தடவை இடது பக்கம். அங்கே சாம்பலுக்கு அடியில் அவர்கள் ஊரின் பழைய வண்டிப்பாதை புதைந்து கிடந்தது. கழியால் குத்திக் குத்திக் கெட்டி மண்ணைத் தேடினாள். கிடைத்த இடத்திலெல்லாம் சின்னக் குச்சி நட்டாள். டாக்டர் செருப்பைக் கழற்றிவிட்டு அவள் பின்னாலேயே நடந்தார். கடைசிவரை நடந்து திரும்பிய பிறகுதான் வேறு தாளில் கையெழுத்துப் போட்டார்.

அந்த வழியில்தான் ரோஜா ஓடியது. அதுவா ஊர்வலத்தில் தலையாட்டிக்கொண்டு போகிற ரோஜா? பிடரி பறக்க, பின்னால் வெள்ளைப் புழுதி மலைபோல எழும்ப, குளம்புச் சத்தம் என் வயிற்றுக்குள் கேட்டது. கத்திக் கத்தித் தொண்டை கட்டி, இரண்டு நாள் பேச்சே வரவில்லை. மாமா அழுதேவிட்டார்.

பேட்டியை அத்தைக்கு என் போனில் காட்டினேன். "சொல்லிட்டுப் போவட்டும் வுடு. குதிரைக்கு ஒண்ணும் ஆவலியே" என்றாள். எனக்கு விட மனமில்லை.

ஏனென்றால் "வேற குதிரை" என்று மாஸ்டர் சொன்னது அன்று என் காதிலும் விழுந்தது. ஆனால் அத்தை இரண்டாம் தடவை இறங்கியபோது, கேமராவில் விழுகிற ஆசை வந்துவிட்டது, எனக்கு இடம் தராமல் தானே நடிக்கிறாள் என்றுதான் நினைத்தேன். கோபம்கூட வந்தது. அத்தை ரோஜாவைக் கூட்டிக்கொண்டு பேசாமல் வீட்டுக்கு வந்திருக்கலாம். யாருடைய குதிரையோ அங்கே புதையக் கூடாது என்று ஒருத்தி திரும்பப் போனாள் என்பது பத்து வயதில் எனக்கு விளங்கவில்லை.

உங்களுக்கு அப்போதே விளங்கியது மாஸ்டர். குதிரைக்கு டாக்டர் இருந்தார், தாள் இருந்தது. இடுப்புவரை புதைந்தவளை, அடிபட்டதா என்று நீங்கள் ஒரு வார்த்தை கேட்டீர்களா? அதே சேனலில் உட்கார்ந்து பதில் சொல்லுங்கள்.