நான் கை காட்டி அனுப்பிய கோச்சி

இலங்கை மலைநாட்டில், பதுளைக்குச் சற்று முன்னால் இருக்கும் சின்ன ஸ்டேஷனில் நான் போர்ட்டர். ஒரு மேடை, ஒரு பெஞ்ச், டிக்கெட் கொடுக்க ஒரு ஜன்னல், ஒரு பெரிய தராசு. வெள்ளைக்காரன் இதைத் தேயிலைப் பெட்டிகளுக்காகக் கட்டினான். பெட்டிகள் நனையக்கூடாது என்று கூரையும் போட்டான். அந்தக் கூரையின் கீழ் ஆட்களும் நிற்கலாம் என்பது பிறகுதான் யாருக்கோ தோன்றியிருக்க வேண்டும். இப்போது தேயிலை லொறியில் போகிறது. தராசில் சுற்றுலா வந்தவர்கள் ஏறி நின்று படம் எடுக்கிறார்கள்.

கிளினிக்குப் போகிறவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், மரக்கறி மூட்டைக்காரர்கள், இவர்களுக்காக ரயில், எங்கள் பேச்சில் கோச்சி, இங்கே மூச்சு வாங்குகிற நேரம் நிற்கும். எல்லாரும் ஏறிவிட்டார்களா என்று பார்த்து ஸ்டேஷன் மாஸ்டருக்குக் கை காட்டுவது என் வேலை. நான் கை காட்டினால் அவர் தலையசைப்பார், கார்ட் பச்சைக் கொடியை ஆட்டுவார். தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன் கையைத் தூக்கி ஒரு ரயிலே கிளம்புகிறது என்றால் தலைக்கனம் வராமல் இருக்குமா?

மாஸ்டரிடம் ஒரு பொய் சொல்லியிருந்தேன். என் அப்பா பதுளை டவுனில் கடை வைத்திருந்து செத்துப்போனார் என்று. அப்பா அப்போது மலைக்கு மேலே தொழிலாளர் லயத்து வரிசையில், ஒற்றை அறைக் காம்பிராவில், உயிரோடு இருந்தார். கடையோடு நிறுத்தியிருக்கலாம், கொன்றிருக்க வேண்டியதில்லை. பொய் சொல்ல ஆரம்பித்தால் கை தாராளமாகிவிடுகிறது.

வீட்டிலும் சொல்லி வைத்தேன்: "ஸ்டேஷன் பக்கம் வந்தா என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்க. ஏதாவது கேக்கணும்னா சேர்னு கூப்பிட்டுக் கேளுங்க."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "சரிடா, கவர்மெண்டு வேலைன்னா அப்படித்தான்" என்றார் அப்பா. தோட்டத்து ஆட்களும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவர்களுக்கு என் வேலை பெருமையாம்.

அப்பாவுக்குக் கண்ணில் அழுத்த நோய். ஒரு கண் ஏற்கெனவே போய்விட்டது. மற்றதுக்கு ஆபரேஷன் செய்ய பதுளை ஆஸ்பத்திரியில் நாள் கொடுத்திருந்தார்கள். தள்ளிப்போனால் இதுவும் போகும் என்று டாக்டர் சொன்னதை அம்மா என்னிடம் இரண்டு தடவை சொன்னாள். அந்த வாரம் மழையில் ரோட்டில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. நேரத்துக்குப் போய்ச் சேர அந்தக் காலை ரயில் ஒன்றுதான்.

இருவரும் வெள்ளனவே வந்து மேடையின் ஓரத்தில் நின்றார்கள். சொன்னபடியே என்னைத் தெரியாதவர்களாக நின்றார்கள். ரயில் வந்தது. மலை ஏற வந்த வெள்ளைக்காரக் கூட்டம் ஒன்று, பெரிய பெரிய பைகளோடு, அவர்களுக்கு நேரே நின்ற பெட்டியின் வாசலை நோக்கி வந்தது.

தோட்டத்தில் துரையின் வாகனம் வந்தால் குடையை மடக்கிக்கொண்டு ரோட்டோரத் தண்ணீர்க் கானில் இறங்கி நிற்பது எங்கள் வழக்கம். துரைமார் கறுப்பாகிப் பல காலம் ஆகிவிட்டது, நாங்கள் கானில் இறங்குவது மட்டும் மாறவில்லை. அப்பா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, அம்மாவையும் பின்னால் இழுத்தார். "மொதல்ல தொரைமாரு ஏறட்டும்."

அவர்கள் ஏறினார்கள். படம் எடுக்க இறங்கினார்கள். மறுபடி ஏறினார்கள். அடுத்த பெட்டி காலியாகத்தான் இருந்தது. நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்து ஏற்றிவிட்டிருந்தால் அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

"எல்லாரும் ஏறியாச்சா?" என்று மாஸ்டர் சிங்களத்தில் கேட்டார்.

நான் திரும்பிப் பார்த்தேன். அப்பா இன்னும் செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றார். அம்மா என்னைப் பார்த்து வாயைத் திறந்தாள். தம்பி என்று கூப்பிடப் போகிறாள் என்று தெரிந்தது. அவள் கூப்பிடுவதற்குள் நான் கையைத் தூக்கினேன்.

ரயில் போய்விட்டது. அப்பா என்னிடம் வந்து, "சேர், அடுத்த கோச்சி எப்பங்க?" என்று கேட்டார். மத்தியானம் என்றேன். மாஸ்டருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "தோட்டத்து ஆட்கள் இப்படித்தான், மாடு மாதிரி பார்த்துக்கொண்டே நிற்பார்கள்" என்றார். நானும் சிரித்தேன். அவரைவிடக் கொஞ்சம் சத்தமாகவே சிரித்தேன்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது அன்றைய ஆபரேஷன்கள் முடிந்திருந்தன. வேறு நாள் கிடைத்தது. அந்த நாள் வருவதற்குள் கண் போய்விட்டது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பழமொழியை இனி யாரும் சொல்ல முடியாது.

விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம், "நான்தான் ஒதுங்கி நின்னு கோச்சிய விட்டுட்டேன்" என்றே அப்பா சொன்னார். நான் போனால் அம்மா தேத்தண்ணியைத் தரையில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். அவளுக்குத் தெரியும். நான் பாவி, இதை வேறு எப்படிச் சொல்வது?

லீவு கிடைத்தால் இப்போதும் லயத்துக்குப் போகிறேன். என் சப்பாத்துச் சத்தம் கேட்டதும் வாசற்படியில் உட்கார்ந்திருக்கும் அப்பா எழுந்து, சுவரைத் தடவி ஒதுங்கி நிற்பார். போன மாதம் பொறுக்க முடியாமல், "நான்தாம்பா, உக்காருங்க" என்றேன்.

"தெரியுங்க சேர்" என்றார் அப்பா. "நீங்க மொதல்ல போங்க."