பிறந்த நாடு மட்டும்

ருவான்வெல்லையில் மழை பிடித்துக்கொள்கிறது. பஸ் வரும்வரை போனும் இன்டர்நெட்டும் உள்ள ஒரு கொமியூனிகேஷன் கடைக்குள் ஒதுங்கி நிற்கிறேன். கணினி முன்னால் செல்வமணி என்ற பெண் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்து ரப்பர் தோட்டத்தின் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர். குலுக்கலில் விசா கொடுக்கும் அமெரிக்க லொத்தருக்கு விண்ணப்பிக்க வந்திருக்கிறார். கடைக்காரர் நஸீர் நானா கேள்விகளைத் தமிழில் சொல்லிப் பதில்களைத் தட்டுகிறார்.

"பொறந்த நாடு?"

"இலங்கைங்க." பையிலிருந்து ஓர் உறையை எடுத்து நீட்டுகிறார். "பிரஜாவுரிமைக் கடுதாசி. தாத்தா இந்தியாவிலேருந்து வந்தவருன்னு இவ்வளவு காலமா குடுக்கல, போன வருஷந்தான் கெடச்சுச்சு."

"அது தேவல்ல தங்கச்சி. கேக்கல்ல."

"அப்பா, தாத்தா எங்க பொறந்தாங்கன்னு கேக்கலையா?"

"அதுவும் கேக்கல்ல."

செல்வமணி நம்பாமல் என்னைப் பார்க்கிறார். நியூ ஜெர்சியில் இருக்கும் என் அண்ணனைப் பற்றிச் சொல்கிறேன். அவன் தெருவில் ரொட்டி சுடுபவர் இத்தாலியிலிருந்து வந்தவர், முடி வெட்டுபவர் கொரியாவிலிருந்து வந்தவர். அண்ணன் மகள் அங்கே பிறந்ததால் அன்றிலிருந்தே அமெரிக்கப் பிரஜை.

"பொறந்த அன்னைக்கேவா?"

"ஆமாம்."

"நானும் இங்கதாங்க பொறந்தேன். எனக்கு முப்பத்தாறு வருஷமாச்சு."

நானா மிச்சக் கட்டங்களையும் நிரப்புகிறார். பிறகு, "அனுப்பட்டா?" என்று கேட்கிறார்.

"இருங்க நானா, எங்க அமுக்கணும்னு காட்டுங்க" என்று செல்வமணி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொள்கிறார்.