அப்பாவின் பென்ஷனும் அம்மாவின் கண்ணும்

அம்மாவின் கண்புரைக்காக இன்று மலேசியாவின் கிள்ளானில் உள்ள அரசாங்க மருத்துவமனைக்குப் போனோம்.

கவுண்டரில் இருந்த தமிழ்ப் பெண் கேட்டார்: "ஆன்டி, அங்கிளோட பென்ஷன் இப்ப உங்களுக்குத்தானே வருது? அப்ப வைத்தியமும் ஃப்ரீதான் லா. ஏன் இவ்வளவு நாள் வரல?"

அம்மா என்னைப் பார்க்கவில்லை. "இப்பத்தான்மா மங்குது."

பொய். இரண்டு வருடமாக விளக்குத் திரியைத் தடவித்தான் ஏற்றுகிறார். அப்பாவின் பென்ஷனில் இலவச வைத்தியம் கிடைக்குமா என்று அப்போதே என்னிடம் கேட்டார். "அப்பா அரசாங்க ஆபீஸ்ல கணக்கெழுதுற கிராணி. அவர் போனதோட அந்தச் சலுகையும் போச்சும்மா" என்று ஃபோனிலிருந்து நிமிராமலே சொன்னேன். யாரிடமும் விசாரிக்கவில்லை.

வாட்ஸ்அப் வதந்திகளுக்கெல்லாம் ஆதாரம் கேட்கும் பட்டதாரி மகள் நான். அம்மா என்னிடம் ஆதாரம் கேட்கவில்லை.

உங்கள் வீட்டிலும் பட்டதாரி இருந்தால், அவர் சொல்வதைக் கவுண்டரிலும் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.