ஒற்றை ஆளுக்கு ஒரு கியர்பாக்ஸ்

வலையை இழுத்து ஏற்றியதும் அந்த மீனவர் அண்ணாச்சி அதன் மேலேயே சரிந்து உட்கார்ந்துவிட்டார். வேடிக்கை பார்க்க அந்த வள்ளத்தில் போயிருந்த எனக்கு அப்போதுதான் தோன்றியது: கையால் சுற்றுகிற ஒரு கியர்பாக்ஸ் இருந்தால் இவருக்கு இந்தப் பாடு இருக்காதே!

உப்பில் வெளுத்த புருவம். மேலே தூக்க முடியாத வலது தோள். பேசும்போதெல்லாம் அதை இடது கையால் பிசைந்துகொண்டே இருப்பார்.

கணினியில் அதன் பல்சக்கரங்களைக் கோத்து வரைந்து முடித்த அன்றே, மடிக்கணினியோடு திரேஸ்புரம் கரைக்கு ஓடினேன். திரையில் கைப்பிடி சுற்ற, உருளையில் வலை ஏறியது.

"இதுக்கு எத்தன ஆளு வேணும்லே?" தோளைப் பிசைந்தபடி கேட்டார்.

"ஒத்த ஆளு போதும் அண்ணாச்சி!"

பிசைந்த கை நின்றது. "வள்ளத்துல நாலு பேரு போறோம். ஒத்த ஆளு போதும்னா, முதலாளி இந்தத் தோளயா கூட்டிட்டுப் போவாரு?" களைப்பாகச் சிரித்தார். "நல்லாத்தாம்ல செஞ்சிருக்க. அவருட்ட மட்டும் காட்டிராத."

காட்டவில்லை. அழிக்கவும் மனம் வரவில்லை. நாளைக்கு அச்சுத்தண்டை மறுபக்கமும் நீட்டி இன்னொரு கைப்பிடி வைத்துப் பார்க்கப்போகிறேன். இரண்டு பேர் நின்றால்தான் அது சுற்றும்படி இருக்க வேண்டும். ஆனால் அண்ணாச்சி பக்கம் பாரம் தெரியக் கூடாது.