பலூன் போட்ட பேப்பர் கப்

எனக்கு அப்போது பத்து வயது. திமிர் மட்டும் இருபது வயதுக்காரிக்கு உரியது. ஷார்ஜாவில் ரோலா பக்கம், கீழே பணம் அனுப்பும் கடை இருந்த பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தோம். வெள்ளிக்கிழமை காலை டிவி என் உரிமை. அந்த வெள்ளிக்கிழமை ஹாலில் பஞ்சாயத்து நடக்கப்போகிறது, டிவி கிடையாது என்று அப்பா சொல்லிவிட்டதால் காலையிலேயே எனக்கு மூக்குக்கு மேல் கோபம்.

அப்பா ஒரு கட்டுமானக் கம்பெனியில் சர்வேயர், திருச்சிக்காரர். பஞ்சாயத்துக்கு வந்த வழக்கு திருச்சிக்கும் தெற்கே. ஒரு கண்மாய்க்கு மேற்கே ஓர் ஊர், கிழக்கே ஓர் ஊர், நடுவில் ஒரு பொட்டல். கிழக்கூர்க்காரர்கள் அதில் தலைமுறை தலைமுறையாக ஆடு மேய்த்தவர்கள். மேற்கூர்க்காரர்களின் சாமி அங்கே இருந்தது. சாமி எங்களுடையதென்றால் நிலமும் எங்களுடையதுதான் என்று முழுக்க வேலி போட்டுவிட்டார்கள். அடிதடி, கேஸ் என்று வளர்ந்தது. இரண்டு ஊரிலும் பேசித் தீர்க்கக்கூடிய ஆண்களில் பாதிப்பேர் வளைகுடாவில் இருந்ததால், பஞ்சாயத்தும் விசா எடுத்துக்கொண்டு எங்கள் ஹாலுக்கே வந்துவிட்டது. இரு தரப்புக்கும் வேண்டியவரும் இல்லை, வேண்டாதவரும் இல்லை, நில வரைபடம் படிப்பார் என்பதால் அப்பாவை நடுவராக்கினார்கள்.

மேற்கூர்க்காரர்கள் நான்கு பேர் காரில், சென்ட் மணக்க வந்தார்கள். ஆபீஸ் வேலைக்காரர்கள். எனக்கு ஒரு சாக்லேட் டப்பா கொடுத்தார்கள். கிழக்கூர்க்காரர்கள் ஐந்து பேர். அபுதாபிக்கும் அப்பால் ருவைஸில் எண்ணெய் ஆலைக்கு கான்ட்ராக்ட் வேலை பார்த்து கேம்ப்பில் இருப்பவர்கள், விடியுமுன் பஸ் ஏறி வந்திருந்தார்கள். கீழே உட்காரப் போனவர்களை அப்பா கையைப் பிடித்து சோபாவில் உட்கார வைத்தார். அவர்களில் மூத்தவரின் விரல் இடுக்கெல்லாம் கிரீஸ் கறுப்பு. எந்த சோப்புக்கும் போகாது என்று அவரே என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஊரில் அவருடைய அம்மா ஆடு வைத்திருந்தார். வேலிக்குள் போன ஆடுகளை மேற்கூர்க்காரர்கள் பிடித்துக் கட்டிவிட, கிழவி அங்கேயே தரையில் உட்கார்ந்து மூன்று நாள் எழுந்திருக்கவில்லையாம். “எங்கம்மாவுக்கு அந்தப் பொட்டலு இல்லன்னா மூச்சே இல்ல சார். சாமிய நாங்க கேக்கல. ஆடு போக, வர வழி விட்டாப் போதும்” என்றார். அதையே வேறு வேறு விதமாக மூன்று மணி நேரம் சொன்னார்.

அப்பா வரைபடத்தில் சாமியைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு போட்டார், மேய்ச்சலுக்கு நீலம். திருவிழா நாட்களில் ஆடு வராது என்று கிழக்கூர்க்காரர்கள் ஒப்புக்கொண்டார்கள். கடைசியில் கண்ணாடி போட்ட மேற்கூர்க்காரர், “சரிண்ணே, செவப்புக்குள்ள மட்டும் வேலி இருக்கட்டும். மத்தத எடுத்துர்றோம்” என்றார். அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. “அப்ப கலாஸ், முடிஞ்சது. ஆளுக்கொரு டீ குடிச்சிட்டு கையெழுத்துப் போட்டுருவோம்” என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தார்.

அம்மா பத்து பீங்கான் கப்பில் டீ ஊற்றி வைத்துவிட்டு, பஜ்ஜி எண்ணெயில் இருந்ததால் என்னைக் கொண்டுபோகச் சொன்னாள். முதல் தட்டை அப்பாவுக்கும் மேற்கூர்க்காரர்களுக்கும் கொடுத்துவிட்டு வந்தேன். இரண்டாவது தட்டில் என் பூனைக் கப் இருந்தது. நான் பால் குடிக்கிற கப். அந்தக் கறுப்பு விரல்கள் அதைப் பிடிப்பதையும், அந்த வாய் அதில் படுவதையும் நினைத்தேன். இனி அதில் பால் குடிக்க முடியாது என்று தோன்றியது. என் கப்பை மட்டும் மாற்றினால் மாட்டிக்கொள்வேன் என்று பார்த்து, என் பிறந்தநாளுக்கு வாங்கி மிஞ்சிய பேப்பர் கப்புகளில் ஐந்து டீயையும் ஊற்றினேன். மஞ்சள் கப், சிவப்பு பலூன். அம்மா அடுப்பைப் பார்த்து நின்றிருந்தாள்.

கொண்டுபோய்க் கொடுத்தேன். ஐந்து பேரும் வாங்கினார்கள். யாரும் குடிக்கவில்லை. எதிரே மேற்கூர்க்காரர் ஒருவர் தன் பீங்கான் கப்புக்குள் பார்த்து லேசாகச் சிரித்தார். மூத்தவர் எழுந்து கப்பை மெதுவாக மேசையில் வைத்தார்.

“அவுக ஊரு டீக்கடையிலயும் எங்களுக்கு இப்பிடி வேற கப்புதான் சார். இங்க ஒண்ணா ஒக்காந்து பேசலாம்னு வந்தோம்” என்றார்.

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்து, “யாரும்மா இப்படிக் குடுக்கச் சொன்னது?” என்றார். அடி விழும் என்று பயம். “அம்மாதான்” என்றேன்.

கரண்டியோடு வாசலில் வந்து நின்ற அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மூத்தவரிடம், “கப்பு பத்தலைங்க, அதான்” என்றாள். அவளுக்குப் பின்னால் மேடை மேல் ஐந்து பீங்கான் கப்பும் டீக்கறையோடு வரிசையாக இருந்தன. மூத்தவர் அவற்றைப் பார்த்தார். அம்மாவும் திரும்பிப் பார்த்தாள்.

“பரவால்லக்கா” என்று சொல்லிச் செருப்பு மாட்டினார். அப்பா லிஃப்ட் வரை பின்னாலேயே போய் கெஞ்சினார். யாரும் திரும்பி வரவில்லை. மத்தியானம் டிவி எனக்குக் கிடைத்தது. அதே பூனைக் கப்பில் அம்மா பால் கொடுத்தாள், குடித்தேன்.

நான் கல்லூரியில் படிக்கும்போது அப்பா ஒருநாள் அந்தப் பேச்சை எடுத்தார். வேலி இன்னும் இருக்கிறதாம், கேஸ் நடக்கிறதாம். அந்த மூத்தவரின் அம்மா ஆடுகளை எல்லாம் விற்றுவிட்டு அதிக நாள் இருக்கவில்லையாம். “உங்கம்மா அப்படிச் செய்வான்னு நான் நினைக்கல” என்றார். அம்மா என்னைக் காட்டிக்கொடுக்கவே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, அந்த டீக்கடையை நான் பார்த்ததும் இல்லை. ஆனாலும் அங்கே செய்வதையே நானாகச் செய்திருக்கிறேன். நான்தான் செய்தேன், என் பூனைக் கப்புக்காகச் செய்தேன் என்று அன்று சொல்லியிருந்தால், ஒரு திமிர் பிடித்த சின்னப் பெண்ணை மன்னித்துவிட்டு அந்த மூத்தவர் கையெழுத்துப் போட்டிருப்பார். பென்சிலும் காகிதமும் மேசை மேல்தான் இருந்தன. பத்து வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம், அம்மா என்று சொன்னால் அடி விழாது என்பதுதான்.