கிரகணத்துக்கு ரிப்பன் வெட்டியவர்

நேற்று எங்கள் தெருமுனையில் ஒரு காதுகுத்துக்கு ஃப்ளெக்ஸ் கட்டிக்கொண்டிருந்தார்கள். புது ஃப்ளெக்ஸுக்கென்று ஒரு வாடை உண்டு, மண்ணெண்ணெயும் பிளாஸ்டிக்கும் கலந்த மாதிரி, உங்களுக்கும் தெரிந்திருக்கும். அது மூக்கில் ஏறினால் போதும், எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். காது குத்திக்கொள்ளப் போகிற குழந்தை மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. எல்லாம் ஒரு சூரிய கிரகணம் செய்த வேலை.

பம்ப்செட் கம்பெனியில் சேர்ந்த புதிதில், பீளமேட்டில் நான் குடியிருந்த வீட்டு மொட்டை மாடியில் நாலு பேர் வானம் பார்க்கக் கூடுவோம். நான் எப்பேர்ப்பட்ட வானியல் நிபுணன் என்றால், செல்போன் டவர் உச்சியில் எரியும் சிவப்பு விளக்கைச் செவ்வாய் என்று எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தவன். கோட்டைமேட்டில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் யூசுப் பாய்தான், "ஏனுங்க தம்பி, உங்க செவ்வாய் நகரவே மாட்டேங்குதுங்களே?" என்று பணிவாகக் கேட்டு மானத்தை வாங்கினார். அங்கே தலைவரும் கிடையாது, செயலாளரும் கிடையாது. யார் முதலில் மாடி ஏறுகிறாரோ அவர் முதலில் பார்ப்பார்.

தொலைநோக்கி கவிதாவுடையது. சோமனூரில் தறி ஓட்டும் வீட்டு மருமகள். பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்த காசைச் சேர்த்து வாங்கியது. சூரியனைப் பார்க்கிற ஃபில்டர் தாளையும் தானே அளவெடுத்து வெட்டி, அட்டை வளையம் செய்து, குழாயின் வாயில் பொருத்தி வைத்திருந்தாள். அந்த அட்டையில் ஒரு பிசிறு இருக்காது.

அந்தத் தொலைநோக்கியில் வளையக் கிரகணத்தைப் பார்க்க அவளுக்குக் கொடுத்து வைக்கவில்லை. அப்போது வயிற்றில் பிள்ளை. மாமியார் அவளை அறைக்குள் வைத்து, ஜன்னலுக்குச் சாக்கு கட்டிவிட்டார். தொலைநோக்கியை மட்டும் புருஷனிடம் கொடுத்தனுப்பியிருந்தாள். நாங்கள் மாடியில் கத்திக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. "வளையம் ஆயிருச்சுங்களா?" என்றாள். ஆயிருச்சு என்றேன். கொஞ்ச நேரம் எங்கள் கூச்சலைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வைத்துவிட்டாள்.

அப்புறம் சில வருஷம் கழித்து, தீபாவளிக்கு மறுநாள், பொழுது சாயும் நேரத்தில் ஒரு பகுதிக் கிரகணம் வந்தது. சூரியனின் ஓரத்தில் ஒரு கடி, அவ்வளவுதான். ஆனாலும் கவிதா அதற்காகத் தவமாய்த் தவம் கிடந்தாள். தொலைநோக்கியில் கேமராவை மாட்டி, அந்தக் கடியை அவளே படம் எடுக்க வேண்டும். இந்தத் தடவை மாமியாரே, "போய்ப் பாத்துட்டு வா கண்ணு, புள்ளைய நான் பாத்துக்கறேன்" என்று அனுப்பிவிட்டாராம்.

கோயமுத்தூரில் மேற்கே மலை மறைக்கும். அதனால் காங்கேயம் பக்கம் ஒரு மேய்ச்சல் காட்டுக்குப் போனோம். அடிவானம் வரைக்கும் வெட்டவெளி. அதற்குள் எங்கள் கூட்டம் சங்கம் ஆகிவிட்டிருந்தது, கேட்டுக்கொள்ளுங்கள். லெட்டர் பேடு, வாட்ஸ்அப் குழு, வெள்ளைச் சட்டையில் ஒரு செயலாளர். போய்ப் பார்த்தால் ஃப்ளெக்ஸ், குத்துவிளக்கு, மைக் செட். "மூடநம்பிக்கையை முறியடிப்போம்" என்று கொட்டை எழுத்து; பக்கத்தில் சூரியனைவிடப் பெரிதாக ஒரு எண்ணெய் மில் முதலாளியின் முகம். அவர்தான் சிறப்பு விருந்தினர். தொலைநோக்கியின் குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தார்கள். கிரகணத்துக்குத் திறப்பு விழா! இந்தக் கூத்தை நான் எங்கே போய்ச் சொல்ல?

கடி விழ ஆரம்பித்துவிட்டது. முதலாளியைக் காணோம். கவிதா கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ரிப்பனுக்கு இந்தப்பக்கம் நின்றாள்.

"ஒரே ஒரு படம் எடுத்துக்கறேனுங்க. சூரியன் எறங்கிட்டே இருக்குதுங்க."

செயலாளருக்கு முகம் சுருங்கியது. "ஐயா பாக்கறதுக்கு முன்னாடி யாராச்சும் பாத்தா மரியாதையா இருக்குமுங்களா அம்மணி? இதா, வந்துருவாருங்க."

யூசுப் பாய் கொண்டுவந்திருந்த கிரகணக் கண்ணாடிகளையும், பொன்னாடையோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று கிஃப்ட் பைக்குள் போட்டுவிட்டார் அந்தச் செயலாளர். என் கையிலோ ஃப்ளெக்ஸின் ஒரு மூங்கில். காற்றுக்கு அது என்னை இழுக்க, நான் அதை இழுக்க, வானியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன்.

முதலாளி வந்தார். விளக்கு ஏற்றினார்கள், அணைந்தது, மறுபடி ஏற்றினார்கள். பொன்னாடை. வரவேற்புரை. ரிப்பன் வெட்டு. அவர் குனிந்தபோது சட்டைப் பையிலிருந்து, கிரகண தோஷத்துக்கு நெற்றியில் கட்டுகிற காகிதப் பட்டமும் தர்ப்பைப் புல்லும் எட்டிப் பார்த்தன. அன்றைக்கு அவருடைய நட்சத்திரத்துக்குத் தோஷமாம்; கோயிலில் வாங்கி வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். அதையாவது பொறுத்துக்கொள்வேன். தொலைநோக்கியில் முகத்தை வைத்தவர் இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டார். மூங்கிலோடு நின்ற எனக்குப் பக்கவாட்டில் பளிச்சென்று தெரிந்தது. பக்கத்தில் நின்ற கவிதாவுக்கும் தெரிந்தது.

"ஐயா, அப்படியே இருங்க, இன்னொரு போட்டோ!" என்று செயலாளர் கத்தினார். ஐயா அப்படியே இருந்தார். அப்புறம் அவருடைய மேனேஜர் குனிந்தார், மச்சான் குனிந்தார், ஆளாளுக்கு ஒரு செல்ஃபி. காற்றுக்குப் புது ஃப்ளெக்ஸ் வந்து வந்து என் மூஞ்சியில் அப்பியது, அந்த வாடையோடு. சீ, இதுவும் ஒரு பிழைப்பா!

கடைசியில் ஒருவழியாக அவர்கள் நகர்ந்ததும், கவிதா கேமராவை மாட்டினாள். ஃபோகஸ் திருகைத் திருப்பிப் பார்த்தாள். மறுபடி திருப்பினாள். அடிவானத்தில் தீபாவளிப் புகையும் மேகமும் சேர்ந்து சாம்பல் பூசியிருந்தது. சூரியன் அதற்குள் போய்விட்டிருந்தது.

அவள் அழவில்லை. கார் கதவைத் திறந்த முதலாளியிடம் நேராகப் போனாள். "எப்படிங்கையா இருந்துச்சு?"

"அருமை அம்மணி! முழு நிலாவாட்டம், வட்டமா, கொஞ்சங்கூடக் கொறையாம!"

செயலாளர் கை தட்டினார். சுற்றி நின்றவர்களும் தட்டினார்கள். "கெரகணத்துல கொறையாத சூரியனைப் பாத்தவரு இவரு ஒருத்தருதானுங்க" என்று யூசுப் பாய் என் காதோரம் சொன்னார். சிரிப்பு வரவில்லை, காறித் துப்பத்தான் தோன்றியது. துப்பவும் செய்தேன், மூங்கிலைக் கீழே போட்டுவிட்டு.

அன்று எடுத்த படங்களைச் செயலாளர் குழுவில் கொட்டித் தள்ளினார். அத்தனையிலும் தேடிப் பாருங்கள், சூரியன் ஒன்றில்கூட இல்லை.

சங்கம் இப்போதும் இருக்கிறது, நன்றாகவே கொழுத்திருக்கிறது. நாங்கள் நாலு பேர்தான் அதில் இல்லை. பீளமேட்டு வீட்டையும் இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். போன வாரம் சோமனூர் கடைவீதியில் கவிதாவைப் பார்த்தேன். அடுத்த கிரகணம் வருகிறதே, நாம் மட்டும் எங்காவது போய்ப் பார்க்கலாமா, சத்தமில்லாமல், என்று கேட்டேன்.

"அன்னிக்கு ஊட்டுல அறைக்குள்ள வெச்சுக் கதவைச் சாத்துனப்பக்கூட, எப்படியாச்சும் ஒருநா பாத்துப்போடோணும்னு ஆசை இருந்துச்சுங்க" என்றாள். கீரைக்கட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டே சொன்னாள். "இப்ப அது இல்லீங்க."