நான் எடுத்துவிட்ட எட்டு ஸ்குரூ

என் பட்டறைச் சுவரில் ஒரு கடிகாரம் தொங்குகிறது. கோயம்புத்தூரில் நான் வேலை பார்த்த கம்பெனி மேடையேற்றிக் கைதட்டிக் கொடுத்த பரிசு அது. முதுகில் மாட்டிக்கொண்டு பயிருக்கு மருந்தடிக்கும் பேட்டரி தெளிப்பானில் இருந்து எட்டு ஸ்குரூவை எடுத்துவிட்டேன், அதற்காகக் கொடுத்தார்கள்.

அப்போது நான் அங்கே டிசைன் பிரிவில் இருந்தேன். தெளிப்பானில் மேலே மருந்துக்கான டேங்க், கீழே ஒரு பெட்டி. பேட்டரி, மோட்டார், ஒயர் எல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான். அதன் மூடியை எட்டு ஸ்குரூ போட்டு முடுக்க ஒரு ஆள் தனியாக உட்கார வேண்டியிருந்தது. பசை வைத்து ஒட்டிவிட்டால் ஒரே அமுக்கில் வேலை முடியும் என்று நான் சொன்னேன். முடிந்தது. பார்ப்பதற்கும் வழவழவென்று அழகாக இருந்தது. பேட்டரி தீர்ந்துபோனால் எப்படித் திறப்பது என்று அந்த அறையில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கடிகாரத்தோடு வீடு திரும்பிய அன்று என் கால் தரையில் பாவவே இல்லை.

கல்யாணமாகிக் கணவரின் ஊரான கம்பத்துக்கு வந்தேன். சும்மா உட்கார்ந்திருந்தால் எனக்குக் கோபம்தான் வரும் என்பது இரண்டே மாதத்தில் வீட்டில் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில் ஒரு சின்னப் பட்டறை போட்டேன். மிக்ஸி, மின்விசிறி, மோட்டார் ஸ்டார்ட்டர் என்று வந்தது. பிறகு ஒருநாள் என் தெளிப்பானே வந்தது. திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர், 'ஓட மாட்டேங்குது' என்று மேசைமேல் வைத்தார். பெற்ற பிள்ளை போலீஸ் ஜீப்பில் வந்து இறங்கியதுபோல் இருந்தது எனக்கு.

"இது திறக்காதுங்க. புதுசு வாங்கிக்கங்க" என்றேன். அடுத்து வந்தவருக்கும் அதையேதான் சொன்னேன். இரண்டு போகம் ஓடும், நின்றுவிடும், பழைய இரும்புக் கடைக்குப் போகும். அந்தக் கடையின் முன்னால் நீல டேங்குகள் மலையாகக் குவிந்திருந்தன. நான் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு போவேன்.

அப்படியே காலம் தள்ளியிருப்பேன். மழை விடவில்லை.

சுருளிப்பட்டிப் பாதையில் ஒரு ஏக்கர் திராட்சைப் பந்தல் வைத்திருக்கும் அக்கா ஒருவர் என் வாடிக்கையாளர். கவாத்து முடிந்து கொடிகள் பூவெடுக்கிற நேரம் பார்த்து, இரண்டு நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் காலையில் அக்கா ஆட்டோவில் வந்து இறங்கினார். கூடவே அவர் தோட்டத்தில் மருந்தடிக்கும் அண்ணன், கையில் இரண்டு, முதுகில் ஒன்று என்று செத்துப்போன மூன்று தெளிப்பான்களோடு.

"நாளைக்கு மருந்து விழலேன்னா செவட்டை ஏறிரும்த்தா. பூவோட கருகிப் போகும். வாடகை மிஷினு ஒண்ணுகூடச் சும்மா இல்ல. கடையில கேட்டா, புது டேங்கு வர ஒரு வாரமாகும்னு சொல்றாக."

செவட்டை என்பது ஈரத்தில் பரவும் நோய். போன காய்ப்பில் அது அக்காவின் பந்தலில் பாதியைத் தின்றிருந்தது. இந்த முறையும் போனால் கொடிகளை வெட்டிவிட்டு வாழை போடுவது என்று அவர் வீட்டில் முடிவே செய்துவிட்டார்கள். அந்தக் கொடிகள் ஒவ்வொன்றும் அவர் கையால் நட்டவை.

"அக்கா, இது திறக்..." என்று ஆரம்பித்தேன்.

"வருசம் பூரா இதத்தான் சொல்ற! மனுசன் மூடுனத மனுசன் தொறக்க முடியாதா?"

சுருக்கென்றது. ரம்பத்தை எடுத்தேன். அளக்கவில்லை, கோடு போடவில்லை. அடிவிளிம்பில் இருந்து இரண்டு விரல் மேலே, மோட்டார் இருக்கும் மூலையை மட்டும் விட்டு, நேராக அறுக்கத் தொடங்கினேன். அக்கா சந்தேகமாகப் பார்த்தார்.

"அளவெடுக்காம அறுக்குற. உள்ள எது எங்கன இருக்குன்னு எப்படித் தெரியும்?"

பொய் சொல்லத் தெம்பில்லை. "நான்தான்க்கா இத ஒட்டுனேன். முன்னாடி எட்டு ஸ்குரூ இருந்துச்சு, நான்தான் வேணாம்னு எடுத்தேன். அந்தா, அதுக்குக் கொடுத்ததுதான் அந்தக் கடிகாரம்."

அக்கா கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இடுப்பில் கை வைத்தார். என் ஏழு தலைமுறையையும் இழுக்கப் போகிறார் என்று காத்திருந்தேன்.

"அப்ப நல்லதாப் போச்சு. ஒட்டுன எடம் தெரிஞ்ச ஆளு நீ ஒருத்திதான். அறு!"

திறந்தால், சார்ஜ் ஓட்டை வழியாகப் புகுந்து, வெளியேற வழியில்லாமல் உள்ளே ஒரு டம்ளர் தண்ணீர். மருந்தில் கலக்கும் மயில்துத்தம் பேட்டரி முனைகளில் நீலப்பச்சையாகப் பூத்திருந்தது. மூன்றிலும் இதே கதை. மோட்டார்களைத் துடைத்துக் காயவைத்துத் தனியாக ஓட்டிப் பார்த்தேன். மூன்றும் ஓடின. பேட்டரிகள் மட்டும் போயிருந்தன. எனக்கு வந்த கோபம் முழுவதும் மருந்தடிக்கும் அண்ணன்மேல் திரும்பியது.

"தண்ணிக்குள்ளயா முக்குனீக?"

"பின்ன? முக்காம எப்படிக் கழுவுறது?"

"ஈரத்துணியால தொடைக்கணும்னு புத்தகத்துல போட்டிருக்குல்ல?" என்று கத்தினேன். அந்த வரியையும் எழுதியவள் நான்தான்.

அவர் கோபப்படவில்லை. "எந்தப் புத்தகம்னு தெரியலத்தா. சார்ஜு போட வீட்டுக்குள்ளதான கொண்டு போகணும்? அங்கன புள்ளைக தவழுதுக. துத்தம் ஒரு சொட்டு ஒட்டியிருந்தாலும் எங்க வீட்டுல வாசப்படி ஏத்த விடமாட்டாக. கெணத்து மோட்டார்த் தொட்டியில மூணு முக்கு முக்கித்தான் தூக்கிட்டு வருவேன். இந்தப் பக்கம் எல்லாரும் அப்படித்தான்."

கோயம்புத்தூரில் அந்தப் பெட்டியைப் பற்றி வாரக்கணக்கில் பேசினோம். நிறம் பேசினோம், வளைவு பேசினோம். பிளக் பாயிண்ட் வீட்டுக்குள் இருக்கிறது, வீட்டுக்குள் குழந்தை இருக்கிறது என்று யாருக்கும் தோன்றவில்லை. சார்ஜ் போடத்தான் விஷம் பட்ட டேங்க் வீட்டுக்குப் போகிறது. அதனால்தான் அதைக் குளிப்பாட்டுகிறார்கள். அவர் செய்தது சரி, நான் செய்ததுதான் தப்பு. அதை அவரிடம் அங்கேயே சொன்னேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார்.

பிறகு பரபரவென்று வேலை நடந்தது. பேட்டரியை வெளியே எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். பழைய இரும்புக் கடைக்கு ஓடினேன். மூடிப்போன பிரவுசிங் சென்டர் ஒன்றின் யூபிஎஸ் பெட்டிகள் அங்கே கிடந்தன. உள்ளே இருப்பது அதே பன்னிரண்டு வோல்ட் பேட்டரி. பல்பு போட்டுப் பார்த்து, தெம்பாக இருந்த மூன்றைப் பொறுக்கினேன். அவற்றை வைக்க என் அடுக்களையில் இருந்து மூன்று பிளாஸ்டிக் சாப்பாட்டு டப்பாக்கள் வந்தன. அதில் ஒன்று கணவருடையது. அதைப் பற்றி அவர் இன்றுவரை பேசுகிறார். இடுப்பில் கட்டப் பழைய பள்ளிக்கூடப் பைகளின் பட்டை, மாட்டிக் கழற்ற டிராக்டர் டிரெய்லரின் பிளக். மோட்டாரைச் சைக்கிள் டியூபால் சுற்றி, ஒயர் சேரும் இடங்களில் மட்டும் பசை வைத்தேன். பசைக்கு முதலிலேயே அந்த வேலையைத்தான் கொடுத்திருக்க வேண்டும்.

அடிப்பெட்டியில் நான்கு ஓட்டைகள் போட்டேன். அக்கா பதறினார். "தண்ணி உள்ள போகுமேத்தா!"

"போகட்டும்க்கா. போனது வெளிய வரும்ல."

கடைசியாக, அறுத்த ஓரத்துக்கு உள்ளே பிவிசி பட்டை கொடுத்து மூடியைப் பொருத்தினேன். ஒவ்வொன்றிலும் எட்டு ஸ்குரூ. முடுக்க முடுக்க எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, கண்ணும் கலங்கியது. பொழுது சாயும்போது மூன்றும் தயாராகிவிட்டன.

மறுநாள் காலை, அக்காவுடைய பந்தலின் கீழே நின்றோம். பூவெடுத்த கொத்துகள் தலைக்குமேல் சரம் சரமாகத் தொங்கின. "சோத்துப் பெட்டியக் கட்டிக்கிட்டு மருந்தடிக்கச் சொல்றீக" என்று கேலி செய்துகொண்டே அண்ணன் சுவிட்சைப் போட்டார். மருந்து புகையாக மேலே ஏறியது. கூட வந்த இன்னும் இரண்டு பேரும் தொடங்கினார்கள். அரை மணி நேரத்தில் ஒரு பிளக் நழுவி மோட்டார் நின்றது. வாழை நாரால் கட்டினோம், ஓடியது. மத்தியானத்துக்குள் ஒரு ஏக்கரும் நனைந்துவிட்டது. மழை மறுபடி சாயங்காலம்தான் வந்தது.

ஆனால் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது அதற்கு முன்னால். வேலை முடிந்ததும் அண்ணன் டப்பாவைக் கழற்றிக் கல்தூணில் மாட்டினார். டேங்கைத் தூக்கிக்கொண்டு மோட்டார்த் தொட்டிக்கு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். ஒரு முக்கு. குபுகுபுவென்று குமிழி வந்தது. இரண்டு. மூன்று. வெளியே தூக்கினார். நான்கு ஓட்டையிலும் தண்ணீர் கொட்டியது, கொட்டி நின்றது. டப்பாவை மறுபடி மாட்டி சுவிட்சைப் போட்டார். மோட்டார் முனகியது, அப்புறம் பீய்ச்சியது. நேராக என் முகத்தில்!

நல்ல தண்ணீர்தான். நான் குதித்த குதியில் அக்கா தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். டேங்க் அன்றைக்குத் தோட்டத்துக் கொட்டகையிலேயே தங்கியது. டப்பா மட்டும் வீட்டுக்குப் போனது.

செவட்டை ஏறவில்லை. பூ பிஞ்சானது, பிஞ்சு கறுத்துத் திரண்டது. அறுவடை அன்று வியாபாரியின் வண்டி வந்து நின்றபோது, அக்கா அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களையும் கூப்பிட்டிருந்தார். ஒவ்வொருவர் கையிலும் ஒரு செத்த தெளிப்பான். அத்தனை பேருக்கும் நடுவில் என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"இத ஒட்டி நம்மளக் கெடுத்ததே இந்த ஆத்தாதான்! அதுக்குக் கம்பெனிக்காரக பரிசெல்லாம் கொடுத்திருக்காக. அதனால எங்கன அறுக்கணும்னு இவளுக்குத்தான் தெரியும். தைரியமாக் குடுங்க!"

இவ்வளவு காலம் ஒளித்து வைத்திருந்ததை அவர் ஊருக்கே விளம்பரமாக்கிவிட்டார். எனக்கு வெட்கம் வரவில்லை. தலை நிமிர்ந்துதான் நின்றேன். வாழை போடும் பேச்சை அதற்குப் பிறகு அவர் வீட்டில் யாரும் எடுக்கவில்லை.

தொட்டிப் பக்கமாகத் திரும்பிப் பார்த்தேன். அண்ணன் தெளிப்பானோடு நின்றிருந்தார். அன்றைக்கு மருந்தடிக்கவே இல்லை, கழுவ ஒன்றுமில்லை. என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே மூன்று முக்கு முக்கினார்.